ஒன்பது கோலும் ஓர் அழைப்புக் கடிதமும்

1

அன்று சாயங்காலம் பொன்னையா அண்ணாச்சியின் சோடாக்கடைக்குப் பின்னால் கூடியவர்கள் மூன்று பேர். கடைக்காரர் அண்ணாச்சி, வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த இசக்கி, நான். வராதவன் மைதீன். யாருக்காகக் கூடினோமோ அவனைத்தான் நாங்கள் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பான். அவன் வேண்டாம் என்றபிறகு எங்களுக்கு அந்தக் காரியத்தில் கை ஓடியிருக்காது.

இது நடந்து ஏழு வருஷம் ஆகிறது. நான் சிங்கப்பூருக்குக் கப்பலேறி ஆறு வருஷம். துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் குமாஸ்தா. தென்காசியையும் குற்றாலத்தையும் பற்றி ஏதாவது எழுதி அனுப்பு என்று பத்திரிகைக்காரர் இரண்டு தடவை கேட்டும் எழுதவில்லை. அருவி, சாரல், தென்றல் என்று எழுத ஊரிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு எழுதுவதற்கு ஒரு கோபம் வேண்டியிருந்தது. போன வாரம் நீல நிறத் தபால் உறையில் அது வந்து சேர்ந்தது.

எழுதியவர் ஏகாம்பரம் மாஸ்டர். நான் படித்த கல்லூரியில் விளையாட்டு ஆசிரியர். ஹாக்கி டீமுக்குப் பயிற்சி கொடுத்தவர். 'என் அருமை மாணவன் சுடலைமுத்துவுக்கு' என்று தொடங்கியிருந்தார். அவருடைய தங்கை மகன், மருமகன் சங்கரனுக்கு ஊரில் சரியான வேலை அமையவில்லையாம். சிங்கப்பூரில் இருக்கிற ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் அனுமதிச் சீட்டுக் கிடைக்கும் என்று விசாரித்து வைத்திருக்கிறார். அந்த ஒருவர் நான்தான்.

அவர் எனக்கு ஒரு நாளும் ஆசிரியராக இருந்ததில்லை. நான் ஸ்டிக்கைத் தொட்டு ஆடியவன் இல்லை, கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்தியவன். மூன்று வருஷத்தில் அவர் என்னைப் பார்த்து நேராகப் பேசியது ஒரே ஒரு தடவை. அதை எழுதாமல் விடப் போவதில்லை.

2

இங்கே சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் கடற்கரையோரம் உள்ள புல்வெளியில் ஹாக்கி நடக்கும். சீக்கியர்களும், சட்டைக்காரர்கள் என்று நாங்கள் சொல்லும் யூரேசியர்களும் ஆடுவார்கள். பச்சைக் கம்பளம் விரித்த மாதிரிப் புல். நான் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கோட்டருகே நிற்பேன். அவனுக்கு மூன்று வயது. குளிக்கக் கூப்பிட்டால் 'மண்டி, மண்டி' என்று மலாய்க்காரப் பிள்ளைகளைப் போலச் சொல்லிக்கொண்டு ஓடுகிறான். குளிப்பது என்றால் அவனுக்குக் குழாயடியில் தகரக் குவளை. தலைக்கு மேலே மலை இருந்து தண்ணீர் இடித்துக்கொண்டு விழும் என்று சொன்னால் நம்பமாட்டேன் என்கிறான். அவன் தாத்தா அந்த மலைக்கடியில்தான் பிழைத்தார் என்பதை இன்னும் சொல்லவில்லை.

என் அப்பா குற்றாலத்தில் பேரருவிப் பாறைகளில் எண்ணெய் தேய்த்து விடுகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். என்னைச் சேர்த்துக்கொண்ட தலைமையாசிரியர், தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்று எழுதிவிட்டார். நல்ல மனசோடுதான் எழுதினார். அந்த ஒரு சொல் கல்லூரி வரைக்கும் என்னோடு வந்தது. எங்களுக்கு நிலம் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்டுவிடக்கூடாதே என்ற பயத்தில் நான் நண்பர்கள் யாரையும் வீட்டுக்குக் கூட்டிப்போனதில்லை. மைதீன் ஒருத்தனைத் தவிர.

மைதீன் தென்காசியில் நெசவுத் தெருக்காரன். ஒல்லியாக, தறிக்கோல் மாதிரி இருப்பான். முன்வரிசையில் இடப்பக்கம், லெஃப்ட் இன் இடத்தில் ஆடுகிறவன். பந்து அவன் ஸ்டிக்கில் வந்து சேர்ந்தால் அப்புறம் அவனாகப் பார்த்து விட்டால்தான் உண்டு. சாரல் காலத்தில் மைதானம் சேறாகக் கிடக்கும்; மாஸ்டர் போன பிறகு பையன்கள் அதில் ஆடுவார்கள். ஷூ போட்டவன் எல்லாம் வழுக்கி விழுவான். மைதீன் வெறுங்காலோடு, பெருவிரலைச் சேற்றில் ஊன்றித் திரும்பிப் போய்க்கொண்டே இருப்பான்.

அவன் டீமில் இல்லை.

மாஸ்டருடைய சட்டம் அப்படி. வெள்ளைக் கான்வாஸ் ஷூ இல்லாதவன் மைதானத்துக்குள் இறங்கக்கூடாது. இசக்கி தன் கைக்காசில் பழைய ஷூ ஒன்று வாங்கி வந்து கொடுத்தான். அது வெள்ளையாக இல்லை என்றார். மைதீன் சாக்பீஸ் கரைத்துப் பூசிக்கொண்டு போனான். அளவு சரியில்லை, நடை ஒழுங்காக இல்லை என்றார். அந்த இடத்தில் ஆடிக்கொண்டிருந்தவன் அவருடைய மருமகன் சங்கரன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மாஸ்டருடைய ஹாக்கி ஞானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மைதானத்துக்கு ஒரு கரும்பலகையைத் தூக்கி வரச் சொல்வார். அதில் பதினொரு புள்ளி வைப்பார். பதினொன்றும் நம்முடைய கோலுக்கு முன்னால்தான் இருக்கும். பந்து வந்தால் வெளியே அடி, மறுபடி வந்தால் மறுபடி அடி. அதுதான் மொத்தப் பாடமும். சாரலில் சாக்பீஸ் அழிந்துபோகும். ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அதே பதினொரு புள்ளியை வைப்பார். பயிற்சியில் பாதி நேரம் அணிவகுப்பு. மூன்று வருஷத்தில் எங்கள் கல்லூரி ஜெயித்தது இரண்டு ஆட்டம். அதில் ஒன்று, எதிர் டீம் வந்த பஸ் வழியில் படுத்துவிட்டதால் கிடைத்தது. அதற்கும் மாஸ்டர் மாலை போட்டுக்கொண்டார்.

3

அப்போதெல்லாம் ஆட்டத்தின் நடுவே ஆளை மாற்ற முடியாது. இரண்டு பேர் ஸ்டிக்கைத் தட்டிப் புல்லி போட்டு ஆட்டம் தொடங்கும்போது யார் நிற்கிறானோ அவன்தான் கடைசி வரை. அதனால் எங்கள் கத்தல் எல்லாம் தொடங்குவதற்கு முன்னாலேதான். பெயர்ச் சீட்டை நடுவரிடம் கொடுக்க மாஸ்டர் நடந்து போகிற அந்த ஒரு நிமிஷத்துக்காக இசக்கி தகர டப்பாவோடு காத்திருப்பான்.

மூன்றாம் வருஷம் ஓர் ஆட்டத்தில், அவர் சீட்டோடு நடந்தபோது, மைதீனை இந்த ஒரு தடவையாவது இறக்குங்கள் என்று நான் கத்தினேன். மாஸ்டர் நின்றார். திரும்பி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் குற்றாலத்துக்கு வந்து என் அப்பா கையில் எண்ணெய் தேய்த்துக்கொள்கிற மனிதர் அவர். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன இடத்தில் என்னைப் பார்த்திருக்கிறார் போல.

"எண்ணெய் தேய்க்கிறவன் மவனுக்கு ஹாக்கியப் பத்தி என்னலே தெரியும்? அருவிக்கரையில போயி நில்லு."

கூட்டத்தில் என் வகுப்புப் பையன்கள் பதினைந்து இருபது பேர் இருந்தார்கள். ஒருத்தன் சிரித்தான். மற்றவர்கள் சிரிக்கவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அன்றைக்கு ஆறு கோலில் தோற்றோம். எனக்கு ஒரு கோலும் ஞாபகமில்லை.

அதற்கு அடுத்த மாதம் கடைசி ஆட்டம். எங்கள் மைதானத்திலேயே, கிழக்கே கரிசல் காட்டிலிருந்து வருகிற ஒரு கல்லூரியோடு. அதைப் பார்க்க ஒரு மில் அதிகாரி வரப்போவதாகச் செய்தி. அந்த மில்லுக்குச் சொந்தமாக ஹாக்கி டீம் உண்டு. ஆடத் தெரிந்தவனுக்கு ஆபீசில் உட்கார்த்தி வைத்து வேலை கொடுப்பார்கள். மைதீனுடைய அத்தா அவனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: இந்த வருஷத்துக்குள் ஒரு வேலை என்று வந்தால் சரி, இல்லாவிட்டால் தறிக்குழியில் இறங்க வேண்டியதுதான், இனிமேல் கல்லூரிச் சம்பளம் கட்ட முடியாது. மைதீனிடம் இருந்தது அந்த ஓர் ஆட்டம். அதற்கு மாஸ்டர் போடும் சீட்டில் அவன் பெயர் இருக்கப் போவதில்லை.

4

சோடாக்கடைக்குப் பின்னால் நாங்கள் கூடியது அதற்காகத்தான். மாஸ்டர் அன்றைக்கு மைதானத்துக்கு வரக்கூடாது. அவர் இல்லாவிட்டால் கேப்டன் பெயர்ச் சீட்டு கொடுப்பான். கேப்டனுக்கு மைதீனின் ஆட்டம் தெரியும்.

இசக்கி சோடாவில் பேதி மருந்து கலந்து கொடுத்துவிடலாம் என்றான். அண்ணாச்சிக்கு முகம் கறுத்துவிட்டது.

"என் சோடாவிலயா? பொறவு நான் கடைய மூடிட்டு உன் சைக்கிளுக்குக் காத்தடிக்கவா?"

யோசனை சொன்னது நான்தான். எனக்கு எண்ணெயின் வேலை தெரியும். அப்பாவிடம் இரண்டு கை உண்டு. வருகிறவர்களுக்குச் சாதாரணமாகப் போடுவது ஒன்று. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை நரம்பு நரம்பாக நீவிவிடுவது இன்னொன்று; அதை முழுக்கை என்பார். முழுக்கை வாங்கி, அரைமணி நேரம் அருவி இடியில் நின்று, வயிறு நிறையச் சாப்பிட்டவன் அன்றைக்குச் சாயங்காலம் வரை எழுந்திருக்கமாட்டான். ஆட்டத்தன்று காலையில் மாஸ்டருக்கு ரசிகர்கள் சார்பில் ஓர் எண்ணெய்க் குளியல், குற்றாலத்தில் லாட்ஜில் ஓர் அறை, பிரியாணி. புகழ்ச்சி என்றால் மனிதர் மறுக்கமாட்டார். லாட்ஜில் படுத்து அவர் குறட்டை விடும்போது இங்கே மைதீன் ஆடிக்கொண்டிருப்பான்.

அண்ணாச்சி என்னைப் பார்த்து, படிச்சவன் படிச்சவன்தான் என்றார். அழைப்புக் கடிதத்தை நானே எழுதுவது என்று முடிவாயிற்று.

எனக்குத் தெரிந்த அழைப்பு என்றால் கல்யாணப் பத்திரிகை. எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குப் பத்திரிகை வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவந்து வாசிக்கச் சொல்வார்கள். அந்த நடை எனக்கு மனப்பாடம். நல்ல தாளில், மூன்று தடவை எழுதிப் பார்த்து, மாஸ்டரைப் போற்றி நாலு வரி வைத்து, கடைசியில் முத்தாய்ப்பாக இப்படி முடித்தேன்: 'தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து இவ்விழாவைச் சிறப்பிக்குமாறு அன்புடன் வேண்டுகிறோம்.' கீழே, 'இங்ஙனம், ரசிகர்கள்.' எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இசக்கி, சர்க்கார் கடுதாசி மாதிரியே இருக்கு வே என்றான். மூன்று பேரில் ஒருத்தருக்கும் அந்தக் கடைசி வரி உறைக்கவில்லை. அண்ணாச்சியே கொண்டுபோய் மாஸ்டரிடம் கொடுத்தார்.

சிங்கப்பூரில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் காய்ச்சல் என்று ஒரு நாள் லீவு கேட்டு, ஐயா அவர்களின் மேலான சமூகத்துக்கு என்று ஆரம்பிக்கிற தினுசில் இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மானேஜர் வெள்ளைக்காரர். முழுவதையும் குறுக்கே அடித்துவிட்டு, ஓரத்தில் 'நாளை வரவில்லை' என்ற பொருளில் இரண்டு வார்த்தை எழுதிக் காட்டினார். ஆபீசில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பாடத்தை ஒரு வருஷம் முந்திப் படித்திருந்தால் மைதீனுக்கு வேலை கிடைத்திருக்குமே என்றுதான் நினைத்தேன்.

அப்பாவிடம் போய், மாஸ்டர் வருகிறார், முழுக்கை போட வேண்டும் என்று சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"முழுக்கை போட்டா மனுசன் அன்னைக்கு ஒண்ணுக்கும் ஆவமாட்டான்லே. தெரிஞ்சுதான் சொல்லுதியா?"

தெரிந்துதான் என்றேன். அப்படியானால் சரி, மாஸ்டரோடு யார் வந்தாலும் அதே கைதான், ஆளுக்கு ஒரு கை போட எனக்குத் தெரியாது என்றார். அதையும் நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

5

ஆட்டத்தன்று காலையிலிருந்து நானும் இசக்கியும் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தோம். அதிசயமாக மழை இல்லை. மேற்கே மலை மட்டும் மேகத்தைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. மத்தியானமே மில் அதிகாரி வந்துவிட்டார். அண்ணாச்சி பெஞ்சைத் துடைத்துக் கடை வாசலில் போட்டு உட்காரவைத்தார். மைதீனை மட்டும் காலையிலிருந்து காணவில்லை. தொழுதுவிட்டு வருவான் என்று நினைத்துக்கொண்டோம்.

மூன்றரைக்குக் குற்றாலம் பக்கமிருந்து ஒரு வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியது குடை. குடைக்குப் பின்னால், கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு ஏகாம்பரம் மாஸ்டர். மூக்கு சிவந்திருந்தது, கண் நல்ல விழிப்பாக இருந்தது. அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக எங்கள் டீம் இறங்கியது. எல்லார் முகமும் பளபளவென்று, தலைமுடி படிந்து, இமை பாதி மூடி. கேப்டன் இறங்கியதும் வேனின் கதவில் சாய்ந்துகொண்டு ஒரு கொட்டாவி விட்டான்.

மாஸ்டர் நேராக அண்ணாச்சியிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். சட்டைப் பையில் என் கடிதம் மடித்து வைத்திருந்தது. மூன்று வருஷத்தில் தனக்கு யாரும் இப்படி ஒரு மரியாதை செய்ததில்லை என்றார். சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது, ஜலதோஷமாகவும் இருக்கலாம்.

"சுற்றமும் நட்பும் சூழன்னு எழுதியிருந்தீங்க. எனக்குச் சுற்றம்னா என் டீம்தானே அண்ணாச்சி. அதான் எல்லாத்தையும் கூட்டிட்டுப் போயிட்டேன்."

ஜலதோஷம் என்பதால் அவர் மட்டும் எண்ணெய் தொடவில்லை. பாறையில் குடை பிடித்து உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பிரியாணி மட்டும் சாப்பிட்டிருக்கிறார்.

வேனிலிருந்து கடைசியாக இறங்கியது மைதீன். தோளில் ஸ்டிக் மூட்டை. மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்று காலையில் மாஸ்டர் அவனையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். அவன் முகமும் பளபளவென்று இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தான். உங்கப்பா எனக்கும் தேய்ச்சு விட்டாங்கடே, அப்படியே மிதக்கிற மாதிரி இருக்கு என்றான்.

அப்பா அதைப் பற்றிப் பின்னால் என்னிடம் சொன்னார். "உன் கூட்டாளியாச்சேன்னு அவனுக்குக் கொஞ்சம் கூடுதலாவே போட்டேன்லே."

நாங்கள் கேட்டதில் ஒன்று மட்டும் நடந்தது. சங்கரன் லாட்ஜ் அறையில் தூங்கிவிட்டான். உருட்டிப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை என்று அவனை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். மாஸ்டர் எண்ணிப் பார்த்தார். பத்துப் பேர்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஏலே மைதீன், நீ இறங்கு என்றார். மூன்று வருஷமாக நாங்கள் தகர டப்பா அடித்துக் கேட்டது அந்த ஒரு வாக்கியம்தான்.

ஆட்டத்தைப் பற்றி நிறைய எழுத முடியாது. எங்கள் கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்து நின்றான். தடுப்புக்கு நின்ற பேக் இரண்டு பேரும் பந்து போன பிறகு கால் எடுத்து வைத்தார்கள். கோட்டோரமாக ஓடி ஓடி விசில் ஊதினார் மாஸ்டர். மைதானத்தில் முழுசாக விழித்திருந்தவர் எங்கள் பக்கத்தில் அவர் ஒருத்தர்தான்.

மைதீன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பழைய மைதீனாக ஆனான். நடுக்கோட்டில் பந்தை எடுத்தான். இரண்டு பேரை ஏமாற்றினான். மூன்றாவது ஆள் தடுமாறி உட்கார்ந்தான். முன்னால் கோல்கீப்பர் மட்டும். இசக்கி டப்பாவைக் கீழே போட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டான். மைதீன் ஸ்டிக்கை ஓங்கினான். எண்ணெய்க் கை. ஸ்டிக் கையிலிருந்து உருவிக்கொண்டு பறந்து போய்ப் பின்கோட்டுக்கு அப்பால் விழுந்தது. பந்து அவன் காலடியிலேயே கிடந்தது. கூட்டம் சிரித்தது. எங்கள் கூட்டமும்தான்.

ஒன்பதுக்குப் பூஜ்யம்.

6

இடைவேளையில் மில் அதிகாரி அண்ணாச்சியிடம் இன்னொரு சோடா கேட்டார். குடித்துக்கொண்டே சொன்னார்.

"அந்த வெறுங்கால் பையன்கிட்ட ஏதோ இருக்கு. ஆனா உடம்பு ஓடலியே. எப்பவுமே இப்படித்தானா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்து, அவன் அப்படி இல்லை சார், அது எண்ணெய் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். ஆனால் யார் தேய்த்தது, யார் ஏற்பாடு, எதற்கு என்று அடுத்தடுத்துக் கேள்வி வரும். மாஸ்டர் பத்தடி தூரத்தில்தான் நின்றார். பரீட்சைக்கு இன்னும் ஐந்து மாதம்தான் இருந்தது. எங்கள் வீட்டில் முதல் பட்டம். கல்லூரியை விட்டு வெளியே போ என்று சொல்லிவிட்டால் அப்பாவிடம் போய் என்ன சொல்வது?

நான் சும்மா நின்றேன். அண்ணாச்சிதான் சமாளித்தார். "இன்னைக்கு மழை சார், அதான்" என்றார்.

அதிகாரி வானத்தைப் பார்த்தார். பிறகு காய்ந்து கிடந்த தரையைப் பார்த்தார். காசை வைத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். பின்பாதி ஆட்டத்தை அவர் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் முதல்வர் தோல்விக்கு விளக்கம் கேட்டார். மாஸ்டர் மேடைக்கு வந்தார். எண்ணெய்க் குளியலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் டீமைக் கூட்டிப்போனது தான் என்று ஆகும்.

"கடைசி நேரத்துல ஷூ இல்லாத ஒருத்தன இறக்க வேண்டியதாப் போச்சு. அதுதான் காரணம்."

மைதீன் எனக்கு மூன்று வரிசை முன்னால் நின்றான். அவன் பிடரியைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. அந்த வாரக் கடைசியோடு கல்லூரிக்கு வருவதை நிறுத்திவிட்டான். நெசவுத் தெருவுக்குப் போய்ப் பார்த்தேன். தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தான். என்னிடம் கோபமில்லை. கையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எங்கையிலதான் ஏதோ கோளாறு, முத்து."

இல்லை என்று அப்போதும் சொல்லவில்லை. பட்டம் வாங்கினேன். அப்பாவிடம் எண்ணெய் தேய்த்துக்கொள்ள வந்த ஒரு வியாபாரியின் தயவில் கப்பலேறினேன்.

7

அனுமதிச் சீட்டுக்கான படிவத்தை வாங்க இங்குள்ள குடிநுழைவு ஆபீசில் இரண்டு நாள் வரிசையில் நின்றேன். மூன்று பிரதி, முதலாளியின் முத்திரை, பொறுப்பேற்பவரின் சம்பளச் சீட்டு. என் தகப்பனார் தொழில் என்ன என்றும் ஒரு கட்டம் கேட்டது. எண்ணெய் தேய்ப்பவர் என்று இங்கிலீஷில் எழுதினேன். கவுண்டரில் இருந்த சீனப் பெண் அதைப் படித்துவிட்டு, நல்ல தொழில், இடுப்புவலிக்கு ஆள் கிடைப்பதில்லை என்றாள். தென்காசியில் அதை யாராவது சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி ஆளாக இருந்திருப்பேனோ என்னவோ.

கடைசிக் கட்டத்தில், விண்ணப்பதாரரை எவ்வளவு காலமாகத் தெரியும், அவர் எப்படிப்பட்டவர் என்று இருந்தது. பென்சிலால் எழுதினேன்: 'பத்து வருஷமாகத் தெரியும். முக்கியமான நாளில் தூங்குகிறவர்.' எழுதிவிட்டுத் தனியாகச் சிரித்தேன். மாஸ்டரின் முகத்தை நினைத்து மறுபடியும் சிரித்தேன். மூன்று நாள் அது மேஜை இழுப்பறையில் இருந்தது. ஆபீசுக்குப் போனதும் முதலில் அதை எடுத்துப் படிப்பேன். பிறகுதான் டைப்ரைட்டரைத் திறப்பேன்.

என் மனைவி சொர்ணத்திடம் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. சங்கரனைத் தூங்கவைத்தது யார் என்று கேட்டாள். 

"அவரப் பழிவாங்குதேன்னு சொல்லிட்டு மறுபடியும் மைதீன் அண்ணன் தலையிலயே எண்ணெய ஊத்தாதிய" என்றாள்.

அதனால் பென்சில் எழுத்தை அழித்தேன். ஆனால் கையெழுத்தும் போடவில்லை. மாஸ்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன், இந்தத் தடவை நடை எதுவும் வைக்காமல். 'அன்று பேசிய அதே காலைக் கூட்டத்தில் எழுந்து நின்று, மைதீனால் தோற்கவில்லை என்று சொல்லுங்கள். சொன்ன செய்தி அண்ணாச்சி மூலம் வந்த அன்றே சங்கரனுக்குக் கையெழுத்துப் போடுகிறேன்.' அவ்வளவுதான்.

அவர் உடனே கேட்பார், மைதீனால் இல்லையென்றால் வேறு யாரால் என்று. அந்தக் கேள்விக்குப் பதில்தான் பத்திரிகைக்காரருக்கு நான் எழுதி அனுப்பும் இது. அண்ணாச்சி எழுதுகிறார், இந்தப் பத்திரிகை தென்காசி வாசகசாலைக்கு வந்ததும் முதலில் எடுத்து உட்காருவது மாஸ்டர்தானாம், பக்கம் பக்கமாகப் படித்து முடிக்கும்வரை யாருக்கும் கொடுப்பதில்லையாம். நல்லது. நிதானமாகப் படிக்கட்டும். உங்களுக்கு வந்த அந்த முதல் மரியாதை ஒரு பொறி, மாஸ்டர். வைத்தவன் எண்ணெய் தேய்க்கிறவன் மகன். நீங்கள் என் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. அதற்காக அன்று மேடையில் நீங்கள் சொன்னதை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

நீங்கள் படித்துவிட்டுக் கீழே வைத்த பிறகு நெசவுத் தெருவிலிருந்து யாராவது எடுத்துப் போய் மைதீனிடம் கொடுப்பார்கள். மைதீன், உன் கையில் ஒரு கோளாறும் இல்லை. அது என் கடிதமும் என் அப்பாவின் எண்ணெயும். மில்காரர் கேட்டபோது பக்கத்தில் நின்றும் சொல்லாமல் இருந்தவன் நான்.

செலவையும் சொல்லிவிடுகிறேன், அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். எண்ணெய் தேய்த்த கூலி, தலைக்கு எட்டணா வீதம் பன்னிரண்டு பேருக்கு ஆறு ரூபாய். பிரியாணி, மாஸ்டரையும் சேர்த்துப் பதின்மூன்று பேருக்கு, தலைக்குப் பன்னிரண்டணா வீதம் ஒன்பது ரூபாய் பன்னிரண்டணா. சங்கரன் தூங்கிய அறைக்கு ஒன்றேகால் ரூபாய். ஆக மொத்தம் பதினேழு ரூபாய். அண்ணாச்சி ஏழு, இசக்கி நாலு, நான் நாலு. பாக்கி இரண்டு ரூபாய் உன்னுடையது. ஜெயித்தால் டீமுக்கு மாலை வாங்க என்று சொல்லி இசக்கி உன்னிடம் வாங்கி வந்தது.